பயிற்சி முடிந்த மறுநாளில் இருந்து: வன்னியிலிருந்து தொண்டராக வெளிநாடு போகிறவர்களுக்கு

எங்கள் பக்கம் வெளிநாடு என்றால் லண்டன், கனடா, சுவிஸ். அது சரிவராவிட்டால் கட்டார், துபாய். 2023இல் இரண்டு வருடத் தொண்டர் பணிக்கு உகண்டா போகிறேன் என்று சொன்னபோது பக்கத்து வீட்டு மாமி கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன் பிள்ளை, வேற நாடொண்டும் கிடைக்கேல்லையோ?" அப்பா கேட்டது வேறு. "இதுவும் தொண்டர் ஆசிரியர் மாதிரியோ? கொஞ்ச வருசம் சும்மா செய்தால் பிறகு நிரந்தரமாக்குவினமோ?" வடக்கில் தொண்டர் ஆசிரியர்கள் வருடக்கணக்காகப் படிப்பித்துவிட்டு நியமனம் கேட்டுப் போராடியதைப் பார்த்த மனிதர், அப்படித்தான் கேட்பார். இல்லையப்பா, நிரந்தரமும் இல்லை, சம்பளமும் இல்லை, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஒரு அலவன்ஸ் மட்டும் தருவார்கள் என்றேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை.

நான் வட்டக்கச்சிப் பக்கம். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்த ஒரு நிறுவனத்தில் தண்ணீர், சுகாதாரப் பிரிவில் களத்தில் வேலை செய்தேன். கிணறு இறைத்துக் குளோரின் போடுவது, மலசலகூடத்துக்குப் பயனாளிப் பட்டியல் எடுப்பது, பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குக் கைகழுவப் பழக்குவது இதுகள்தான். நிதி முடிந்தது, நிறுவனமும் போனது. இப்படி அனுபவம் உள்ளவர்களை வேறு நாடுகளுக்குத் தொண்டர்களாக அனுப்புகிற அமைப்புகள் இருக்கின்றன என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஐ.நா. தொண்டர் திட்டம் 1970இல் பொதுச்சபை உருவாக்கியது, தலைமையகம் ஜேர்மனியின் பொன் நகரத்தில். வீ.எஸ்.ஓ. என்கிற தொண்டர் அமைப்பு 1958இல் பிரித்தானியாவில் தொடங்கியது. முன்பு வெள்ளைக்காரர்கள் மற்ற நாடுகளுக்குப் போகிற வேலையாக இருந்தது, இப்போது நேபாளம், பிலிப்பைன்ஸ், கென்யா என்று எல்லா இடத்திலிருந்தும் போகிறார்கள். நான் போனது இந்த இரண்டும் அல்லாத இன்னொரு அமைப்பு. பெயர் வேண்டாம். பிறகு கதைத்துப் பார்த்தபோது மற்ற அமைப்புகளில் போனவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

முதலில் காகிதங்கள். கடவுச்சீட்டை வவுனியாவிலேயே கொடுக்கலாம், கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்த பிறகு, வெளிநாட்டமைச்சின் அத்தாட்சியை யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்திலேயே பெறலாம். இதெல்லாம் அலைச்சல் என்றாலும் வழி தெரிந்த அலைச்சல். என்னை மறித்தது அமைப்பின் சொந்தப் படிவம். பிறந்ததிலிருந்து இருந்த விலாசங்கள் அத்தனையும், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று கேட்டது. 2008 கடைசியிலிருந்து 2009 மே வரைக்கும், போரின் கடைசி மாதங்களில் ஓடிக்கொண்டிருந்த காலத்துக்கு நான் என்ன எழுதுவது? விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை, பொக்கணை, முள்ளிவாய்க்கால் என்று எழுதினேன். வீட்டு இலக்கம், வீதிப் பெயர் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது. தறப்பாளுக்கு ஏது இலக்கம்? ஏதோ போட்டு அனுப்ப, திகதிகள் தெளிவில்லை, விளக்கவும் என்று பதில் வந்தது. கடைசியில் கிராம அலுவலரிடம், இடப்பெயர்வையும் போர் முடிய எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்ததையும் 2010இல் மீளக்குடியேறியதையும் உறுதிப்படுத்தி ஒரு கடிதம் எடுத்து, பிரதேச செயலகத்தில் ஒப்பம் வைத்து, மொழிபெயர்த்து அனுப்பிய பிறகுதான் அது அசைந்தது. விண்ணப்பிக்கிற எண்ணம் இருந்தால் இந்தக் கடிதத்தை இன்றைக்கே எடுத்து வையுங்கள். படிவத்தில் இடம் இல்லாவிட்டால் "இணைப்பைப் பார்க்கவும்" என்று ஒரு வரி போதும்.

அடுத்தது மருத்துவம். நெஞ்சு எக்ஸ்ரேயில் இடத் தோளுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பொட்டு. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். பதினாலு வயதில் உள்ளே போன ஷெல் துண்டு. மாரி காலத்தில் கொஞ்சம் உளையும், மற்றப்படி ஒரு கரைச்சலும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படி ஆள் இருக்கும், யாரும் அதைப் பெரிதாகக் கதைப்பதில்லை. ஆனால் எங்கேயோ இருந்து எக்ஸ்ரேயைப் பார்த்த வைத்தியருக்கு அது இனந்தெரியாத உலோகப் பொருள். சத்திரசிகிச்சை நிபுணரின் அறிக்கை, ஸ்கான் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்கள். தனியாரில் செய்ய நாற்பதாயிரத்துக்கு மேல் போனது. அது முடிவதற்குள் நான் போக இருந்த பயிற்சிக் குழு புறப்பட்டுவிட்டது, அடுத்த குழுவுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பில் வேறு வேலையும் எடுக்க முடியவில்லை. உடம்பில் துண்டு உள்ளவர்கள் அரச வைத்தியசாலை கிளினிக்கில் முன்கூட்டியே ஒரு ஆங்கிலக் கடிதம் கேட்டு வாங்குங்கள்: எந்த வருடம் பட்டது, எங்கே இருக்கிறது, எடுக்கத் தேவையில்லை, எம்.ஆர்.ஐ. ஸ்கான் செய்வதென்றால் முதலில் சொல்ல வேண்டும். இந்த நாலு விஷயமும் அதில் இருந்தால் போதும். கடைசி விஷயம் விசாவுக்காக அல்ல, உங்கள் உயிருக்காக. அந்த இயந்திரம் காந்தம்.

உகண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்த அட்டை செல்லுபடியாகும், அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். பயணத்துக்கு முந்தின கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட வேண்டாம். மலேரியாத் தடுப்புக் குளிசையை நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியா தடுப்பு இயக்கத்தில் இலவசமாகத் தருகிறார்கள். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதால் அவர்களுக்கு எங்களைப் போல் போய் வருகிற ஆட்களில்தான் கண். அம்மம்மா குளிசையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நாங்கள் இந்தக் காட்டுக்கு வந்த நேரம் நடுங்காத வருசமில்லை மோனை, நீ இப்ப அதைத் தேடிக்கொண்டு போறாய்" என்றா. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு தரம் போனால் இரவு பஸ், வெள்ளவத்தை லொட்ஜ், ஓட்டோ என்று காசு கரையும். ஊசி, குளிசை, டொலர் மாற்றுவது மூன்றையும் தொலைபேசியில் கேட்டுத் திகதி பொருத்திக்கொண்டு ஒரே பயணத்தில் முடியுங்கள்.

டொலர் என்றவுடன் ஒன்று. 2009க்கு முந்தி அச்சடித்த டொலர் தாள்களை உகண்டாவில் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். வாங்கினாலும் விலை குறைப்பார்கள். சின்னத் தாளுக்கும் விலை குறைவு. தாளில் முகத்துக்குப் பக்கத்தில் வருடம் இருக்கிறது, மாற்றுகிற இடத்திலேயே ஒவ்வொன்றாகப் பாருங்கள். கசங்கின தாளோ பேனை கீறின தாளோ என்றால் திருப்பிக் கொடுங்கள். இதை எனக்குச் சொன்னது கம்பாலாவில் ஒரு நாணயமாற்றுக் கடைக்காரன், என் இரண்டு நூறு டொலர் தாள்களைத் திருப்பித் தள்ளிவிட்டு.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை, அது அவ்வளவு நல்லாக இருந்தது. கலியாண வீட்டுப் பந்தி மாதிரி, இருந்த இடத்துக்கு எல்லாம் வரும். விமான நிலையத்தில் பெயர் எழுதின மட்டையோடு ஆள், கம்பாலாவில் அறை, மூன்று நேரச் சாப்பாடு, எங்கே போனாலும் வாகனம். முதலுதவி, சிறுவர் பாதுகாப்பு, வாகன விபத்து, மோட்டார்சைக்கிள் டக்சியில் ஏறினால் ஹெல்மெட், தென் சூடான் அகதிகள் பொதுவாகப் பேசுகிற ஜூபா அரபில் கொஞ்சம் வாய்ப்பழக்கம். ஒவ்வொன்றும் பிறகு உதவியது, பொய் சொல்லக்கூடாது. நேபாளத்திலிருந்து வந்த பொறியியலாளர், பிலிப்பைன்ஸ் தாதி, நான் மூவரும் இரவிரவாகக் கதைத்துச் சிரித்தோம். கடைசி நாள் சான்றிதழ் தந்தார்கள், கைகொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். படத்தை வீட்டுக்கு அனுப்ப அப்பாவே ஒரு கைகூப்பல் போட்டிருந்தார். மறுநாள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசை. நேபாளி கிழக்கே, தாதி தெற்கே, நான் வடமேற்கே யும்பே மாவட்டத்துக்கு.

பஸ்ஸில் ஐந்நூறு கிலோமீற்றர் அளவு போய், பிறகு வாகனம் மாற வேண்டும். கருமாவில் நைல் நதியைக் கடந்து, பக்வாச் பாலத்தில் இன்னொருதரம் கடக்கிறீர்கள். அதற்கு முன்னால் காட்டோரம் பனைகள். எங்கள் பனையின் ஒன்றுவிட்ட சகோதரம், நடுவில் கொஞ்சம் வயிறு வைத்த மரம். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டி ஏதோ சொல்ல வெளிக்கிட்டேன், அவர் நித்திரை. யும்பேக்குப் போகிற கிரவல் ரோட்டில் வாய், மூக்கெல்லாம் செம்மண். அது எனக்குப் புதிதில்லை, ஏ9 வீதி போடுவதற்கு முந்தின வன்னியில் வளர்ந்தவளுக்குத் தூசி ஒரு பொருட்டில்லை.

போய் இறங்கினால் எனக்கு ஒதுக்கின வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. இன்னும் ஒரு கிழமை என்றார்கள். அந்தக் கிழமை நீண்டுகொண்டே போனது. விருந்தினர் விடுதியில் என் காசு கொடுத்துத்தான் இருந்தேன். அலவன்ஸ் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், கணக்குத் திறக்க உகண்டாவில் தங்கி வேலை செய்வதற்கான அனுமதிப்பத்திரத்தின் பிரதி வேண்டும், அனுமதிப்பத்திரம் கம்பாலாவில் ஏதோ ஒரு மேசையில் இருந்தது. பயிற்சி நடத்தினவர்களைக் கேட்டால் இனி உங்கள் பொறுப்பு கள அலுவலகத்திடம் என்றார்கள். கள அலுவலகத்தைக் கேட்டால் முதல் மாதம் கம்பாலாவின் கணக்கில் வரும் என்றார்கள். முதல் அலவன்ஸ் கையில் வர இரண்டாவது மாதமும் முடிந்துவிட்டது. வீட்டில் அம்மாவின் சங்கிலி அடைவில். போக முதல் செலவுக்கு வைத்தது. முதல் அலவன்ஸ் வந்ததும் வட்டியையாவது கட்டுவது என்று கணக்குப் போட்டிருந்தோம். இலங்கை வங்கி அட்டையில் இருந்த கொஞ்சக் காசை எடுக்கலாம் என்றால் கடவு எண் எங்கள் ஊர் சிம்முக்குக் குறுந்தகவலாகப் போகிறது, அந்த சிம் அங்கே வேலை செய்யவில்லை. ரோமிங் போடுவதற்கும் அதே சிம்மில் இருந்து அழைக்க வேண்டும். அன்றைக்கு விடுதி அறையில் கதவைச் சாத்திப்போட்டு அழுதேன், ஒளிக்க ஒன்றுமில்லை. காசுக்காக மட்டும் இல்லை. பயிற்சிக் குழுவின் வாட்ஸ்அப்பில் மற்றவர்கள் போடுகிற படங்களில் எல்லோரும் சந்தோசமாக இருந்தார்கள். பிறகு கேட்டால் நேபாளிக்கும் வீடு கிடைக்கவில்லை, அவனும் படம்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

விமானம் ஏற முதல் சிம்முக்கு ரோமிங்கைப் போட்டு, கடவு எண் வருகிறதா என்று எதற்கும் ஒருதரம் சோதித்துப் பாருங்கள். வங்கியில் அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறக்கச் சொல்லுங்கள். மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் போக வேண்டாம், அமைப்பு என்னதான் உறுதி தந்தாலும். அந்தக் காசை அடைவு வைத்து எடுப்பதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு சதமும் திரும்பாது என்று வட்டியைக் கணக்குப் பாருங்கள். விடுதியில் ஒவ்வொரு நாளும் முத்திரை குத்தின பற்றுச்சீட்டு வாங்கினேன், என்.ஜி.ஓ.வில் வேலை செய்த பழக்கம். அதனால் பாதிக்கு மேல் பிறகு திரும்பக் கிடைத்தது. எல்லாம் சேர்த்துப் போனது ஏறக்குறைய இரண்டரை லட்சம், திரும்பாமலே போனது ஒரு லட்சம் அளவில். வட்டி வேறு.

வேலை என்ன என்று கேட்பீர்கள். அதுவும் உடனே இல்லை. கள அலுவலகத்தில் எனக்கு மேசை இல்லை, என்னை யாருக்குக் கீழே போடுவது என்பதில் அவர்களுக்கே குழப்பம். சம்பளம் வாங்காத ஆள் என்றால் பெரிய இடத்து ஆளாக இருக்க வேண்டும் என்று சிலர், ஒன்றுக்கும் உதவாத ஆளாக இருக்க வேண்டும் என்று சிலர். சந்தையில் சின்னப் பிள்ளைகள் "முஹிந்தி" என்று பின்னால் வருவார்கள், அவர்களுக்கு எங்கள் நிறத்து ஆட்கள் எல்லோரும் இந்தியர். 1972இல் இடி அமீன் ஆசியர்களைத் தொண்ணூறு நாளில் நாட்டை விட்டுப் போகச் சொன்ன நாடு அது. வயதான கடைக்காரர்கள் அந்தக் கதையை என்னிடம் ஏதோ கடன் தீர்ப்பது போல் சொல்வார்கள். இலங்கை என்றால் விளங்காது. அந்த வெறும் நாட்களில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், தினம் காலையில் தண்ணீர் பரிசோதிக்கிற பெடியனோடு அவன் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறிப் போனது. கேட்டுத்தான் போனேன், யாரும் அனுப்பவில்லை. வேலை தரும்வரைக்கும் மேசையில் காத்திராமல் யாராவது களத்துக்குப் போகிறவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

அப்படிப் போனதுதான் பிடி பிடி குடியிருப்புக்கு. 2016இல் தென் சூடானிலிருந்து வந்தவர்களுக்காகத் திறந்தது, இரண்டு லட்சத்துக்கு மேல் சனம். முள்ளுக்கம்பி இல்லை. குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம், வெளியே போகலாம், வேலை செய்யலாம். மெனிக் பாமோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல், எனக்கு அது தெரிகிறது. தெரிந்தும் தண்ணீர்க் குழாயடியில் மஞ்சள் கான்களை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் இருந்த பெண்களைப் பார்த்தவுடன் என் வயிறு கலங்கியது. வெய்யிலில் தறப்பாள் கொதிக்கிற மணம் மூக்கில் ஏறியது, அன்றிரவு நித்திரை இல்லை. அடுத்தடுத்த இரவுகளும் அப்படித்தான். கம்பாலாவில் பயிற்சி தந்தவர், நல்ல மனிதர், "நீங்கள் யுத்தத்தைக் கண்டவர், உங்களுக்கு இது லேசாக இருக்கும்" என்று சொல்லியிருந்தார். வீட்டிலும் அதையே சொன்னார்கள். மன அழுத்தம் பற்றிய பாடம் முழுக்க இதையெல்லாம் முதன்முதல் காணப்போகிறவர்களுக்காக எழுதினது. இரண்டாம்தரம் காண்கிறவர்களுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களைத்தான் இப்படியான இடங்களுக்கு விரும்பி எடுக்கிறார்கள்.

காப்புறுதியில் தொலைபேசி உளவளத்துணை இருந்தது, ஆங்கிலத்தில். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டா. ஆனால் பொக்கணையில் பங்கர் வெட்டினதை நான் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்ல? சொல்லச் சொல்ல அது வேறு யாருடைய கதையோ மாதிரி ஆனது. பிறகு முன்னைய நிறுவனத்தில் கூட வேலை செய்த ஒரு அக்கா, உளவளத்துணையில் பயிற்சி உள்ளவர், கிழமைக்கு ஒருதரம் அழைத்துக் கதைத்தார். அது ஒன்றுதான் என்னைத் திரும்பி ஓடாமல் வைத்திருந்தது. வன்னியில் 2009க்குப் பிறகு இந்தப் பயிற்சி எடுத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போகமுதலே ஒருவரோடு கதைத்து, மாதத்தில் எத்தனை தரம், எந்த நேரம் என்று ஒழுங்கு செய்துவிட்டுப் போங்கள். உகண்டா எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால், அங்கே மாலை ஆறு என்றால் ஊரில் எட்டரை. நேரம் பொருத்துவது கஷ்டமில்லை.

மூன்று மாதம் கழிய மெல்ல மெல்லச் சரிவந்தது. அந்த வருடம் உலக உணவுத் திட்டம் நிவாரணத்தை வெட்டியது. சுகாதாரக் கூட்டத்துக்கு ஆட்கள் வருவதில்லை, அக்கறை இல்லாத சனம் என்று அலுவலகத்தில் குறைப்பட்டார்கள். நிவாரண அட்டையோடு வரிசையில் நின்ற ஆளுக்குத் தெரியும், நிவாரண நாளில் கைகழுவுகிற கூட்டம் வைத்தால் எவள் வருவாள்? கூட்டத்தைக் குழாயடிக்கு மாற்றினோம், கான் நிரம்புகிற நேரத்தில் அரை மணித்தியாலம். ஆட்கள் வந்தார்கள். அப்போதுதான் ஒரு பெண் என்னைக் கேட்டாள், நீங்கள் முகாமில் இருந்ததாகச் சொல்கிறார்களே, வீட்டுக்குப் போக எவ்வளவு காலம் எடுத்தது, போனபோது என்ன தந்தார்கள் என்று. எங்கள் முகாம் 2012 செப்டெம்பரில்தான் முழுதாக மூடினது, நாங்கள் 2010இல் வந்தோம், இருபத்தையாயிரம் ரூபாவும் தகரமும் தந்தார்கள், பிறகு இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை லட்சம் கட்டம் கட்டமாக வந்தது, அதில் கடனும் வந்தது என்றெல்லாம் சொன்னேன். கடன் எப்படி வந்தது என்பதைத்தான் அவர்கள் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். இந்தக் கதையை முதல் நாளே சொல்லாதது நல்லதாகப் போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் அது பரிதாபம் தேடுவதாக இருந்திருக்கும்.

வீட்டுக்காரரோடு ஒரு கதை பாக்கி. தம்பிக்கு மோட்டார்சைக்கிள் லீசிங், சித்தியின் மகளுக்குச் சாமத்தியவீடு, எல்லாவற்றுக்கும் தொலைபேசி வரும். "வெளிநாட்டில இருந்துகொண்டு ஒரு இருபதினாயிரம் அனுப்பேலாதோ?" போக முதலே அலவன்ஸ் எவ்வளவு, வாடகை எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் முன்னால் வாசித்துவிடுங்கள். நான் நடுவில் ஒருதரம் அப்படி எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். சித்தி இரண்டு மாதம் கோபம், பிறகு கேட்பதை விட்டா.

பயிற்சி முடிகிற கிழமையில் சாப்பாடும் படம் எடுப்பும் நடக்கிற நேரத்திலேயே இவற்றை எழுத்தில் கேளுங்கள்: வீட்டுத் திறப்பு யாரிடம், வீடு தயாரில்லை என்றால் விடுதிக் காசு யார் கட்டுவது, முதல் அலவன்ஸ் வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் எப்படித் தருவார்கள், அனுமதிப்பத்திரம் எந்த மட்டத்தில் நிற்கிறது, களத்தில் யாருக்குக் கீழே வேலை, அவருடைய தொலைபேசி இலக்கம். மின்னஞ்சலில் பதில் வந்த பிறகு பஸ் ஏறுங்கள். திரும்பி வரும்போது இலங்கையில் இறங்கினதும் மலேரியாவுக்கு இரத்தம் பார்க்க வேண்டும், காய்ச்சல் இல்லாவிட்டாலும். கிளிநொச்சி வைத்தியசாலையிலேயே பார்த்தார்கள், எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. முடிவில் தந்த மீள்குடியமர்வுப் படியில் சங்கிலியை மீட்டோம்.